மேடையில்லாத கலைத்துறைகள்

மாலை ஆறு மணிக்குத்தான் நாடக ஒத்திகை சூடு பிடிக்கும். பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள் அப்போதுதான் உடம்பைத் தளர்த்திக்கொண்டு பாத்திரத்துக்குள் இறங்குவார்கள். ஆறரைக்கு மகளிர் விடுதிக் கதவு மூடப்படும். நடித்துக்கொண்டிருந்த பெண்கள் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மிச்சமிருக்கும் ஆண் மாணவர்கள் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசி அந்தக் காட்சியை ஒப்பேற்றுவார்கள். நாடகமும் இசையும் கற்பிக்கிற நம் வளாகங்கள் பலவற்றில் இது அன்றாட நடப்பு. நேரத்துக்குள் வராத பெண்ணின் வீட்டுக்குத் தொலைபேசி போகும். அதோடு அவள் நாடகத்திலிருந்து விலகிவிடுவதும் உண்டு.

விடுதி நேரம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் கலைத்துறைகளை எப்படிப் பார்க்கின்றன என்பது அதில் அப்படியே தெரிகிறது. வரலாறு, பொருளியல் போல இதுவும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை கரும்பலகை முன்னால் நடத்தி முடிக்கிற பாடம் என்று நினைக்கிறார்கள். பாட ஆசான் வேண்டும், வாசிக்கப் பக்கவாத்தியம் வேண்டும், ஆடவும் நடிக்கவும் மேடை வேண்டும், எதிரே உட்கார்ந்து கேட்க ஊர் வேண்டும். இந்த நான்கும் இல்லாமல் இசைப் பட்டமும் நாடகப் பட்டமும் ஆண்டுதோறும் அச்சாகி வெளியே வருகின்றன. வாங்கிச் செல்கிற பிள்ளைகளின் குறை இதில் எதுவும் இல்லை. நிர்வாகமும் அரசும் சரிசெய்ய வேண்டிய குறை இது. சரிசெய்யத் தேவையான விதிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எழுதப்பட்டும் இருக்கின்றன.

எங்கிருந்து இறங்கி வந்திருக்கிறோம் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1929இல். அதை ஒட்டியே இசைக் கல்லூரியும் அங்கே தொடங்கிவிட்டது. சபேசையர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, பின்னாளில் எம்.எம். தண்டபாணி தேசிகர் என்று அங்கே கற்பித்தவர்களின் வரிசையைச் சொன்னாலே போதும். இவர்களில் யாரையும் ஆய்வேட்டுக்காக அழைக்கவில்லை. பாட்டுக்காகத்தான் அழைத்தார்கள். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் தமிழ்ப் பேராசிரியராக அங்கே வந்து சேர்ந்தார். பழந்தமிழ் யாழ்களை அவர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அதே அண்ணாமலை வளாகத்தில்தான். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று அங்கே எழுந்த குரல்தான் 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கமாக உருவெடுத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறை ஒரு நாட்டின் கச்சேரி வழக்கத்தையே மாற்றிய கதை அது.

நாடகத்துக்கும் அப்படியொரு நல்ல காலம் இருந்தது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கு தமிழ் நவீன நாடகத்துக்குத் திருப்புமுனை என்பார்கள். அதை முன்னின்று நடத்திய சே. இராமானுஜம், 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறைக்கு வந்தார். கிரேக்கத் துன்பியல் ஒன்றை நம் ஒப்பாரியின் வழியே தமிழாக்கி அவர் மேடையேற்றிய 'வெறியாட்டம்' இன்றும் பேசப்படுகிறது. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய மு. இராமசாமியும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி அமைந்தபோது அதன் முதல் இயக்குநராக இந்திரா பார்த்தசாரதி வந்தார். கிராமியப் பாடல்களைத் தோளில் சுமந்து திரிந்த கே.ஏ. குணசேகரன் பின்னாளில் அதே பள்ளிக்குத் தலைமை வகித்தார். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. எல்லாமே பொதுப்பணத்தில், பொது நிறுவனங்களில் நடந்த காரியங்கள்.

இன்று ஒரு வாய்ப்பாட்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். பீரியட் ஐம்பது நிமிடம். பதினைந்து, இருபது பேர். சுருதிப் பெட்டியை வைத்து எல்லாரும் ஒரே கட்டையில் பாட வேண்டும். பெண் குரலுக்கும் ஆண் குரலுக்கும் சேர்த்து ஏதோ ஒரு சமரசச் சுருதி. அது ஒருவருக்கு ஏறாது, இன்னொருவருக்கு இறங்காது. வர்ணத்தைக் கூட்டமாகப் பாடிவிடலாம். கீர்த்தனையையும் எப்படியோ பாடிவிடலாம். ராக ஆலாபனைக்கு வந்ததும் வகுப்பு நின்றுவிடும். ஆலாபனையைக் கூட்டமாகச் செய்ய முடியாது. ஒவ்வொருவரும் தனியாகப் பாட வேண்டும், தவறும் இடத்தில் ஆசிரியர் நிறுத்தித் திருத்த வேண்டும், மறுபடி பாட வேண்டும். தோடியின் காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை ஒரு மாணவிக்குப் புரிய வைக்கவே முழு பீரியட் போய்விடும். இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று பங்கு போட்டால் கல்பனா ஸ்வரம் எங்கே வரும்? அதனால் மாணவர்கள் ஸ்வரத்தையும் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வறையில் மனோதர்மம் என்ற பெயரில் அதை ஒப்பிக்கிறார்கள். கேட்கிற தேர்வாளருக்கும் அது தெரியும். வேறு வழியில்லை என்பதால் மதிப்பெண் போட்டுவிடுகிறார்.

நெடுங்காலக் குருகுலத்தை அப்படியே வளாகத்துக்குள் கொண்டுவர முடியாதுதான். அதைக் கேட்கவும் இல்லை. செயல்முறைப் பாடத்துக்கு ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு மாணவர்கள் என்று வைத்துக் கால அட்டவணை போடலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவருக்கும் தனிப் பாடம் என்று எழுதி வைக்கலாம். இதற்கு ஆசிரியர்கள் வேண்டும். ஓய்வுபெற்றவரின் இடம் காலியாகவே கிடக்க, அவருடைய வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தலையில் கட்டிவிட்டால் அவர்தான் என்ன செய்வார்? அவருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே தெரியாது. நல்ல ஆசிரியர்கள் பலர் இந்த நிலையிலும் மாலையில் தங்கி, விடுமுறையில் வந்து, சொந்தச் செலவில் பிள்ளைகளைக் கச்சேரிக்கு அழைத்துப்போய்க் கற்பிக்கிறார்கள். துறைகள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அவர்களால்தான்.

பக்கவாத்தியத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதை யாரும் எழுதுவதில்லை. வாய்ப்பாட்டு மாணவர் ஒருவர் மூன்று ஆண்டுகளும் கையால் தாளம் போட்டே பழகுகிறார். மிருதங்கத்தோடு பாடுவது கடைசித் தேர்வன்றுதான். அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு மிருதங்கக்காரரை அழைத்து வருவார்கள். மாணவர் தன் பல்லவியின் எடுப்பைத் தவறவிட்டால் அதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. மிருதங்கத்தின் நடையைக் காதில் வாங்கிக்கொண்டே பாடுகிற பழக்கம் அவருக்கு ஏற்பட்டதே இல்லை. பரதநாட்டிய வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் மூன்றும் இல்லாமல் பதிவு செய்த ஒலிக்கு ஆடிப் பழகுகிறார்கள். பதிவு ஒருபோதும் ஆடுகிறவருக்காக நிற்காது. அதே வளாகத்தில் மிருதங்கமும் வயலினும் படிக்கிற மாணவர்கள் இருந்தாலும் பிரிவு வேறு, கால அட்டவணை வேறு. இரண்டையும் வாரத்துக்கு இரண்டு முறை ஒரே கூடத்தில் உட்கார வைக்க ஒரு ரூபாய் செலவில்லை. பக்கவாத்தியக் கலைஞர் என்ற பணியிடத்தை ஒவ்வொரு துறையிலும் நிரந்தரமாக உருவாக்கச் செலவு உண்டு. அது செய்தே ஆக வேண்டிய செலவு.

கருவிகளின் கதையும் இதுதான். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும் 2022இல் கிடைத்தது என்று பெருமைப்பட்டோம். அந்த வீணையைப் பழகும் மாணவிக்குத் தந்தி அறுந்தால் புதுத் தந்தி வாங்க ஒப்புதல் வர வாரக்கணக்கில் ஆகும். மெழுகுக் கட்டு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால் சரிசெய்ய ஆசாரி வர வேண்டும். அவருக்குக் கூலி எந்தக் கணக்குத் தலைப்பில் கொடுப்பது என்று அலுவலகத்தில் ஒரு விவாதம் நடக்கும். நாகசுரத்துக்குச் சீவாளி அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள். மிருதங்கத்துக்கு வாரும் மூட்டும் அப்படித்தான். இவை அறிவியல் துறையின் வேதிப்பொருள் போல ஆண்டுதோறும் தீரும் என்று ஒதுக்கீட்டிலேயே எழுதிவிட்டால் ஒருவரும் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது, யார் கற்பிக்கலாம் என்ற கேள்வி. புரிசையில் தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் கட்டும் குடும்பம் இருக்கிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் விடிய விடியப் பதினெட்டு நாள் பாரதம் ஆடும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். கட்டை கட்டி, முகவீணையும் மத்தளமும் கேட்டுக்கொண்டே விருத்தத்திலிருந்து அடவுக்கு எந்தக் கணத்தில் மாற வேண்டும் என்பது அவர்கள் உடம்பில் ஏறியிருக்கிறது. அவர்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வகுப்பெடுக்கலாம். அந்த வாத்தியார்கள் வந்து எடுக்க முடியாது. வந்தாலும் ஒரு நாள் பயிலரங்குக்கு வந்து, சால்வை போர்த்திக்கொண்டு, பயணப்படி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சட்டம் இடம் தரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, இசைக்கும் நிகழ்கலைக்கும் உதவிப் பேராசிரியராக நெட் தேர்வு, முனைவர் பட்டம் தவிர வேறொரு வழியையும் எழுதி வைத்திருக்கிறது. துறையில் இளநிலைப் பட்டம், பெயர்பெற்ற ஆசானிடம் பயின்றது, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'ஏ' நிலைக் கலைஞர் என்ற தகுதி, விளக்கிக் கற்பிக்கும் திறமை இவை இருந்தால் போதும். பட்டமே இல்லாத கலைஞருக்கு என்ன செய்வது? 2022இல் யுஜிசி கொண்டுவந்த பணிவழிப் பேராசிரியர் திட்டத்தில், துறையில் 15 ஆண்டு அனுபவமுள்ள வல்லுநருக்கு முறையான கல்வித் தகுதி கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி அமர்த்திக்கொள்ளலாம். உள்ளூர்க் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் வளாகத்திலேயே வைத்துக் கற்பிக்க 2023இல் இன்னொரு வழிகாட்டுதலும் வந்தது. பொறியியல், மேலாண்மைத் துறைகள் தொழிலதிபர்களை அழைக்க இந்த வாசலைப் பயன்படுத்திக்கொள்கின்றன. கூத்து வாத்தியாருக்கும் நாகசுர வித்துவானுக்கும் தவில்காரருக்கும் அதே வாசலைத் திறந்துவிட நம் ஆட்சிக்குழுக்கள் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

வெளிநாட்டுக்காரர்கள் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960களில் மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதனை வளாகக் கலைஞராக அமர்த்தியது. அவருடைய அக்கா டி. பாலசரஸ்வதி அங்கே பரதம் கற்பித்தார். தம்பி, புல்லாங்குழல் டி. விசுவநாதன், சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை வகித்துவிட்டு அமெரிக்கா போய்ப் பின்னர் அதே வெஸ்லியனில் ஆசிரியரானார். வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகளான இந்த மூவரும் ஓர் அமெரிக்க வளாகத்தில் நம் இசைக்குப் பள்ளி அமைத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகம் அவர்களிடம் கேட்டது கலையைத்தான். தனம்மாளின் மரபுக்கு அங்கே கிடைத்த மரியாதை புரிசைக்கும் நரசிங்கம்பேட்டைக்கும் இங்கே ஏன் கிடைக்கக் கூடாது?

மேடைக்கு வருவோம். வளாகங்களில் அரங்கு இல்லாமல் இல்லை. பெரிய பெரிய கலையரங்குகள் இருக்கின்றன. அவை பட்டமளிப்பு விழாவுக்கும் கருத்தரங்குக்கும் கட்டியவை. மேடையில் வழுவழுப்பான கல்தளம். அதில் அடவு போட்டால் முழங்கால் போகும். பேசினால் எதிரொலிக்கும், அதனால் ஒலிபெருக்கி இல்லாமல் நடிக்க முடியாது. விளக்குத் தொங்கவிடக் குழாய் இல்லை, மங்கவைக்க டிம்மர் இல்லை, பக்கவாட்டில் நடிகர் ஒதுங்க இடம் இல்லை. ஒப்பனை அறை என்ற பெயரில் உடைந்த நாற்காலிகள் போட்ட ஓர் அறை. இந்த அரங்கும்கூட நாடகத்துறைக்கு முந்தின நாள் இரவுதான் கிடைக்கும். ஆறு மாதம் உழைத்த தயாரிப்பை, விளக்கு எங்கே விழும் என்று தெரியாமல், முதல் தடவையாக அந்த மேடையில் ஏறி மறுநாளே நிகழ்த்துகிறார்கள்.

நாடகத்துறைக்கு அப்படியொன்றும் மாளிகை வேண்டாம். நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் ஒரு கூடம். மரத்தளம். கறுப்புத் திரை. மேலே இரும்புக் குழாய்களும் இருபது விளக்குகளும். எப்போதும் அந்தத் துறையின் கையிலேயே இருக்கும் சாவி. புதிதாகக் கட்டிடம் எழுப்ப வேண்டும் என்பதுகூட இல்லை. பூட்டிக் கிடக்கும் பழைய உணவுக்கூடம் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். திறந்தவெளியில் மண் மேடை போடலாம், கூத்து மண்ணில் பிறந்ததுதானே. தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. அங்கே ஒரு களரி அமைய இடப் பஞ்சம் காரணமாக இருக்க முடியாது.

மேடை அமைந்தால் பார்வையாளர் வர வேண்டும். இறுதியாண்டு நாடகத்தை ஒரே ஒரு முறை, தேர்வாளர் மூன்று பேருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் போட்டுக் காட்டிவிட்டு அரங்கப் பொருள்களைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். நாடகம் மூன்றாவது நான்காவது நிகழ்த்துதலில்தான் நிலைபெறும் என்பதை மேடையேறிய எவரும் சொல்வார்கள். ஊர்ச் சனம் சிரித்த இடத்தை நடிகன் அடுத்த நாள் நினைவில் வைத்துக்கொள்கிறான். கற்றல் என்பதே அப்போதுதான் நடக்கிறது. தஞ்சாவூரிலும் சிதம்பரத்திலும் வாழும் பொதுமக்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் கச்சேரியும் நடப்பது தெரியும்? வாயிற்காவலர் அடையாள அட்டை கேட்பார் என்று தெரிந்தால் யார் உள்ளே வருவார்கள்? இதோடு, பிரதியை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்கு என்று நிர்வாகம் கேட்பதும் உண்டு. 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013லேயே செல்லாதென்று அறிவித்துவிட்டது. காவல்துறையே கேட்க முடியாத பிரதியைக் கல்வி நிறுவனம் கேட்பது தகாது.

இவ்வளவையும் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேதான் பெரிய முடிச்சு. தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழ் வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. 2013இல் சட்டம் இயற்றிச் சென்னையில் அமைத்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் சுற்றுலா, பண்பாட்டுத் துறையின் கீழ் இருக்கிறது. அதற்கு வேந்தர் முதலமைச்சரே. அண்ணாமலையும் சென்னைப் பல்கலைக்கழகமும் உயர்கல்வித் துறைக்கு. மாவட்டங்களில் உள்ள 17 அரசு இசைப்பள்ளிகள் கலை பண்பாட்டுத் துறைக்கு. ஓதுவாருக்கும் நாகசுரம், தவிலுக்குமான பயிற்சிப் பள்ளிகளை அறநிலையத் துறையும் நடத்துகிறது. இவர்களிடம் படித்து முடித்தவருக்கு வேலை தர வேண்டிய பள்ளிக்கூடங்கள் பள்ளிக்கல்வித் துறையில். மாவட்ட இசைப்பள்ளியில் மூன்றாண்டு நாகசுரம் படித்த பையன் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மேலே படிக்கலாம், படித்தால் எந்த வேலைக்கு அது தகுதி என்று இந்தத் துறைகளில் எதனிடம் கேட்டாலும் அடுத்த துறையைக் கைகாட்டும்.

நிர்வாகத்தின் தலையே காலியாக இருந்த காலமும் சேர்ந்துகொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு நெடுநாள் துணைவேந்தர் இல்லை. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் மற்றப் பல்கலைக்கழகங்களும் இப்படித் தவித்தன. அண்ணாமலையை 2013இல் அரசு ஏற்றதற்கே நிதி நெருக்கடிதான் காரணம். சம்பளமே தாமதமாகும் இடத்தில் தம்புராவுக்கு யார் காசு கேட்பார்கள்? சிக்கனம் என்று வந்தால் முதல் வெட்டு விழுவது பத்துப் பதினைந்து மாணவர் படிக்கும் துறைகள் மீதுதான். மாணவர் குறைவு என்று காரணம் காட்டி இடத்தை நிரப்ப மாட்டார்கள். ஆசிரியர் இல்லாததால் அடுத்த ஆண்டு மாணவர் இன்னும் குறைவார்கள்.

மாணவர் ஏன் குறைகிறார்கள் என்பதையும் நேராகப் பேசிவிடுவோம். படித்தால் வேலை இல்லை. இசை படித்த கிராமத்துப் பெண்ணுக்குச் சபா மேடை கிடைப்பது அரிது. பள்ளி ஆசிரியர் வேலைதான் நம்பிக்கை. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் சிறப்பாசிரியர் 1,325 பேரைத் தேர்வுசெய்ய அறிவித்தபோது இசைக்கு ஒதுக்கியது 86 இடம், மாநிலம் முழுமைக்கும். அதற்கு முன் 2012இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்ற அந்தப் பட்டியலில் இசையும் இருந்தது, நாடகம் இல்லை. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. அந்தத் தொகை 2021இல் 10,000, 2024இல் 12,500 என்று போராடிப் போராடித்தான் ஏறியது. பணி நிரந்தரம் 2021 தேர்தலில் ஆளுங்கட்சியாக வந்தவர்கள் கொடுத்த 181ஆவது வாக்குறுதி. ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடரின்போதும் இவர்கள் சென்னைக்கு வந்து சாலையில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. இதற்கிடையில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல திட்டம். லட்சக்கணக்கான பிள்ளைகள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், நடிக்கிறார்கள். அவர்களைத் தயார் செய்வது யார்? கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் யூடியூபைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதே ஊரில் நாடகத்தில் முதுகலை முடித்தவர் துணிக்கடையில் நிற்கிறார்.

கடல் தாண்டிப் பார்த்தால் இலங்கையில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரம், உயர்தரம் என்ற இரு பள்ளித் தேர்வுகளிலும் பாடம். கர்நாடக இசையும் பரதமும் அப்படியே. பள்ளியில் பாடம் இருப்பதால் ஆசிரியர் தேவை. ஆசிரியர் தேவை என்பதால் பல்கலைக்கழகத் துறைக்கு மாணவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தர்களை வளாகத்துக்கு வரவழைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றியதில் தொடங்கிய ஓட்டம் அது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அதே மரபை வளர்த்தார். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களால் மேடையேறி, போர் சூழ்ந்த ஊர்களுக்கெல்லாம் போயிற்று. யாழ்ப்பாணத்தில் இராமநாதன் பெயரில் நுண்கலைக் கல்விக்கூடமும் மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரிலேயே அழகியல் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. அங்கும் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இறங்கியது உண்டு, குறை இல்லாத இடம் என்று சொல்லவில்லை. ஆனால் குண்டு விழுந்த காலத்திலும் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து நாடகத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. நாம் ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இனி, செய்ய வேண்டியவை. விடுதி நேரத்திலிருந்தே தொடங்கலாம், அதற்குக் காசு வேண்டாம். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களுக்கு மட்டும் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று யுஜிசியின் சக்ஷம் அறிக்கை 2013லேயே சொல்லிவிட்டது. ஒத்திகையைக் கல்வி நேரமாக அறிவித்து, இரவு ஒன்பது வரை துறையின் பொறுப்பில் நடத்தி, விடுதி வரை பேருந்தும் பெண் காவலரும் ஏற்பாடு செய்வது ஒரு பதிவாளரின் ஒற்றைச் சுற்றறிக்கையில் முடிகிற வேலை. இந்தப் பருவத்திலேயே செய்யலாம்.

அடுத்து ஆட்கள். ஒவ்வொரு கலைத்துறையிலும் எத்தனை பணியிடம் அனுமதிக்கப்பட்டது, எத்தனை நிரம்பியது, எத்தனை ஆண்டாகக் காலி என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். காலியிடங்களை நிரப்பும்போது 2018 ஒழுங்குமுறையின் கலைஞர் வழியை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் தகுதியுள்ள கலைஞர் விண்ணப்பிக்கவே மாட்டார். பணிவழிப் பேராசிரியர் திட்டத்தில் துறைக்கு ஒருவரையாவது கூத்து, நாகசுரம், தேவாரப் பண், பறை மரபுகளிலிருந்து அமர்த்த வேண்டும். ஒரு நாள் சால்வைக்கு அழைக்காமல், முழு ஆண்டுக்கு, கௌரவமான மாதச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். பக்கவாத்தியக் கலைஞர் பணியிடங்களையும் கருவிப் பராமரிப்புத் தொகையையும் வரவுசெலவில் தனித் தலைப்பாக எழுத வேண்டும்.

பள்ளிக்கல்வித் துறைக்கு: ஒன்றியத்துக்கு ஓர் இசை ஆசிரியர், ஒரு நாடக ஆசிரியர் என்ற அளவிலாவது தொடங்குங்கள். அவர்கள் தங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளைச் சுற்றி வரட்டும். கலைத் திருவிழாவுக்கான பயிற்சி அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும். பகுதிநேர இசை ஆசிரியர்களாகப் பத்தாண்டுக்கு மேல் தேய்ந்தவர்களுக்கு அதில் முதலிடம் கொடுங்கள். மேல்நிலை வகுப்பில் நாடகத்தை விருப்பப் பாடமாக்கப் பாடத்திட்டக் குழு ஒன்றை அமையுங்கள். பாடநூல் எழுதுவதற்கு யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் கேளுங்கள். அவர்கள் கையில் அனுபவம் இருக்கிறது, மொழியும் நம் மொழிதான்.

இதையெல்லாம் ஒரே கையில் சேர்க்க, கலைக் கல்விக்கென்று உயர்கல்வி, பள்ளிக்கல்வி, பண்பாடு, தமிழ் வளர்ச்சி, அறநிலையம் ஆகிய துறைகளின் செயலர்கள் உட்காரும் நிலைக்குழு ஒன்று வேண்டும். முதலமைச்சரே இசைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் என்பதால் அவர் அழைத்தால் எந்தச் செயலரும் மறுக்க மாட்டார். குழுவின் முதல் கூட்டத்துக்கு மூன்று மாணவர்களையும் கூப்பிடட்டும்: ஒரு நாகசுர மாணவன், ஒரு வாய்ப்பாட்டு மாணவி, விடுதிக்கு ஓடியதால் தன் பாத்திரத்தை இழந்த ஒரு நடிகை. பண்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது இந்தக் குழுவைப் பற்றியும் காலியிடப் பட்டியலைப் பற்றியும் உங்கள் தொகுதி உறுப்பினர் கேள்வி எழுப்ப வேண்டும். அதற்கு முன்பே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஊர் வளாகத்தில் கடைசியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட கச்சேரியும் நாடகமும் எந்தத் தேதியில் நடந்தன என்று பதிவாளரிடமும் கேட்டு எழுதுங்கள்.